ஒரு வேளை மருந்தின் வரலாறு

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. பல்லுக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பு எல்லோரும் அறிந்ததே. பல்லுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பு அத்துணை வெளிப்படையானது அன்று. சொத்தைப் பல்லை எடுத்துக்கொள்ளச் செல்லும் ஒருவரிடம், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, பல் மருத்துவர் இருதயத்தைப் பற்றிக் கேட்கிறார். இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்ததுண்டா, செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்களா, பிறவியிலேயே இருதயக் கோளாறு ஏதும் உண்டா, பெனிசிலின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாக வினவுகிறார். வலிப்பது பல்லாக இருக்க, விசாரணை நெஞ்சைப் பற்றி நடப்பது ஏன் என்று வந்தவர் வியக்கலாம்.

இவ்வினாக்களை அந்த மருத்துவர் தாமாகப் புனைந்து கேட்கவில்லை. மருத்துவ வழிகாட்டு நெறி என்று இக்காலத்தில் வழங்கும் ஓர் ஏடு அவரை அவ்வாறு கேட்கச் செய்கிறது. இன்ன நிலையில் இன்ன சிகிச்சை தக்கது, இன்னது வேண்டாதது என்று, கிடைத்துள்ள சான்றுகளையெல்லாம் திரட்டி எடைபோட்டு, அறிஞர் குழு ஒன்று எழுதி வெளியிடும் அறிவுரைத் தொகுப்பே வழிகாட்டு நெறியாகும். பல் மருத்துவத்தில் இத்தகைய நெறிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றன் வரலாற்றை மட்டும் இங்கே காண்போம். பல் சிகிச்சைக்கு முன்னர்ச் சிலருக்குக் கொடுக்கப்படும் ஒரு வேளை மருந்தைப் பற்றியது அந்நெறி. 1955ஆம் ஆண்டில் பிறந்த அது, அன்று முதல் பன்முறை திருத்தப்பட்டு வந்துள்ளது. திருத்தங்கள் ஏன் நேர்ந்தன என்பதை அறிந்தால், ஒரு நெறியை எவ்வாறு கையாள வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இருதயத்தின் அறைவாயில்களில், இரத்தம் முன்னோக்கிச் செல்லவும் பின்னோக்கித் திரும்பாதிருக்கவும், மெல்லிய இதழ்களால் ஆன கதவுகள் அமைந்துள்ளன. இவையே வால்வுகள். நலமான வால்வின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். இரத்தத்தோடு வரும் கிருமிகள் அதில் எளிதில் ஒட்டுவதில்லை. இளமையில் வந்த ரூமாட்டிக் காய்ச்சலால் இதழ்கள் வடுப்பட்டிருந்தாலும், பிறவிக் குறையால் அவை உருத்திரிந்திருந்தாலும், கெட்டுப்போன வால்வுக்கு மாற்றாகச் செயற்கை வால்வு பொருத்தியிருந்தாலும் அங்கே கிருமிகள் பற்றிக்கொள்ள இடம் வாய்க்கிறது. பற்றிய கிருமிகள் பெருகி வால்வை அரிக்கின்றன. இதனை எண்டோகார்டைட்டிஸ் என்பர். தமிழில் இருதய உட்சவ்வு அழற்சி எனலாம். கனடாவில் பிறந்த புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், 1885இல் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இந்நோயை விரிவாக விளக்கினார். 1909இல் தாமஸ் ஹார்டர் என்னும் ஆங்கில மருத்துவர், 150 நோயாளரைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். அவர்களுள் பலரிடம் கண்ட கிருமி, நம் வாயில் எப்பொழுதும் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்தது. வாயின் சீர்கேட்டுக்கும் இருதய நோய்க்கும் உறவு இருக்கலாம் என்ற ஐயம் அப்பொழுது வலுப்பெற்றது. அந்நாளில் இந்நோய் கண்டவர் பிழைப்பது அரிதினும் அரிது.

ஐயம் எழுந்த இடத்தில் ஆராய்ச்சி தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு பேரலை எழுந்தது. 1910இல் லண்டன் மருத்துவரான வில்லியம் ஹண்டர், கனடாவின் மான்ட்ரியால் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சீழ்பிடித்த பற்களின்மேல் தங்கக் கூடுகளையும் பாலங்களையும் கட்டிவிடும் பல் மருத்துவத்தை அவர் கடுமையாகச் சாடினார். அவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அவருக்குப் பின் வந்தவர்கள் அக்கருத்தை எல்லையின்றி நீட்டினர். மூட்டுவலி முதலாக விளங்காத நோய் எதுவாயினும், பல்லின் வேரில் மறைந்திருக்கும் கிருமியே காரணம் என்றனர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எண்ணற்றோர் பற்களை இழந்தனர். பிடுங்கப்பட்டவற்றுள் நல்ல பற்களும் பல.

இந்த அலையைத் தணித்த சான்றுகளுள் ஒன்று 1938இல் வெளிவந்தது. ரஸ்ஸல் செசில், டி. மர்ரே ஆஞ்செவைன் என்ற இரு அமெரிக்கர்கள், முடக்குவாதம் கண்ட 200 பேரின் நிலையை ஆராய்ந்தனர். பல்லையும் தொண்டைச் சதையையும் நீக்கியதால் அவர்களுக்கு நலம் விளைந்ததாகத் தெரியவில்லை. செசில் முன்னர் அக்கொள்கையை ஆதரித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. சான்று தம் கருத்துக்கு மாறாக நின்றபோது அவர் சான்றின் பக்கம் சென்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பெரியோர் ஒருவரின் சொல்லே மருத்துவ முறையாக நடமாடிற்று. அதனை எடைபோட்டுப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. வழிகாட்டு நெறி என்பதன் தேவையை உணர்த்தும் நிகழ்ச்சி இது.

இதற்கிடையே, 1935இல், இங்கிலாந்தில் ஓக்கெல், எலியட் என்னும் இருவர் அளந்து பார்க்கும் வேலையை மேற்கொண்டனர். பல் பிடுங்கப்பட்ட 138 பேரிடமிருந்து, பிடுங்கிய சிறிது நேரத்துக்குள் இரத்தம் எடுத்து, அதில் கிருமிகள் வளர்கின்றனவா என்று பார்த்தனர். நூற்றுக்கு 61 பேரின் இரத்தத்தில் வாய்க்கிருமிகள் இருந்தன. பல்லைப் பிடுங்கும்போது ஈறு கிழிகிறது. அவ்வழியே கிருமிகள் இரத்தத்தில் நுழைகின்றன. நலமானவர் உடலில் அவை விரைவில் அழிந்துவிடுகின்றன. வால்வு பழுதுற்றவர் உடலிலோ, அழிவதற்கு முன் ஒட்டிக்கொள்ள அவற்றுக்கு ஓரிடம் கிடைத்துவிடலாம்.

இங்கிருந்து அடுத்த எண்ணம் எளிதில் பிறந்தது. பல் பிடுங்கும் வேளையில் கிருமிக்கொல்லி மருந்து இரத்தத்தில் இருக்குமானால், வரும் கிருமிகள் வால்வைப் பற்றுமுன் தடுக்கப்படும் அல்லவா? 1940களில் முதலில் சல்பா மருந்துகளையும், பின்னர்ப் பெனிசிலினையும் இதற்காகக் கையாண்டு பார்த்தனர். 1955இல் அமெரிக்க இருதயச் சங்கம் தன் முதல் நெறியை வெளியிட்டது. வால்வு பழுதுள்ளவர்க்குப் பல் சிகிச்சைக்கு 30 நிமிடம் முன்பாக, இருவகைப் பெனிசிலினை, வகைக்கு 6 இலட்சம் யூனிட்டாக, ஊசி மூலம் தசையில் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

இரண்டே ஆண்டில் முதல் திருத்தம் வந்தது. 1957இன் நெறி, சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்னரே பெனிசிலின் மாத்திரையைத் தொடங்கி, நாளுக்கு நான்கு முறை உண்டு, சிகிச்சை நாளில் ஊசியும் போட்டுக்கொண்டு, பின்னும் இரண்டு நாள் மாத்திரையைத் தொடரச் சொன்னது. ஒரு பல்லுக்காக ஐந்து நாள் மருந்து! பின்னர் 1960, 1965, 1972, 1977 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு திருத்தங்கள் வந்தன. 1984இல் முறை எளிதாயிற்று: சிகிச்சைக்கு ஒரு மணி முன்பு 2 கிராம் பெனிசிலின் மாத்திரை, ஆறு மணி நேரம் கழித்து 1 கிராம். 1990இல் பெனிசிலினுக்குப் பதிலாக அமாக்சிசிலின் வந்தது. முன்னர் 3 கிராம், பின்னர் 1.5 கிராம். குடலில் நன்கு உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் நெடுநேரம் நிற்பது அதன் சிறப்பு. 1997இல் இரண்டாம் வேளை தேவையில்லை என்று நீக்கப்பட்டது. முதல் வேளையும் 2 கிராமாகக் குறைந்தது. அந்த அளவே போதிய நேரம் இரத்தத்தில் நிற்கிறது என்பதும், மிகுந்த அளவு வயிற்றைக் கெடுக்கிறது என்பதும் தெரியவந்தமையே காரணம்.

இத்துணை மாற்றங்களைக் காணும்போது, ஒன்று நம் கருத்தைக் கவர வேண்டும். 1955 முதல் 1997 வரை எவ்வளவு மருந்து, எப்பொழுது, எவ்வடிவில் என்பனவே பெரிதும் விவாதிக்கப்பட்டன. மருந்து கொடுப்பதால் நோய் உண்மையில் குறைகிறதா என்னும் அடிப்படை வினாவுக்கு நேரான விடை கிடைக்கவே இல்லை. பல் பிடுங்கினால் இரத்தத்தில் கிருமி வருகிறது. அக்கிருமி வால்வில் நோய் செய்ய வல்லது. மருந்து அக்கிருமியைக் கொல்லும். ஆகவே மருந்து நோயைத் தடுக்கும். இது சங்கிலி போன்ற வாதம். ஒவ்வொரு கண்ணியும் தனியே உறுதியாகத் தோன்றினும், சங்கிலி முழுவதும் பாரம் தாங்குமா என்பதைத் தொங்கவிட்டுத்தான் அறிய முடியும். மருந்து கொடுத்தோர், கொடாதோர் என இரு கூட்டங்களைப் பிரித்து ஒப்பிடும் சோதனையே அதற்கு உரிய வழி. இந்நோயோ இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வருவது. ஆகவே சோதனைக்குப் பல்லாயிரம் பேர் தேவை. அன்றியும், ஆபத்து மிகுந்த ஒருவருக்கு மருந்தைக் கொடாமல் நிறுத்துவது முறையா என்ற அறவினாவும் குறுக்கே நின்றது. அத்தகைய சோதனை இன்றளவும் நடைபெறவில்லை.

மருத்துவ உலகின் பொதுப் போக்கும் இதற்கிடையே மாறிக்கொண்டிருந்தது. 1972இல் ஆர்ச்சி காக்ரேன் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், சிகிச்சைகளின் பயனைச் சோதனையால் நிறுவ வேண்டும் என வலியுறுத்தி ஒரு நூல் எழுதினார். 1990இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வழிகாட்டு நெறி என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. முறையாக உருவாக்கப்பட்டு, குறிப்பிட்ட நிலைகளில் தக்க சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க மருத்துவருக்கும் நோயாளிக்கும் துணை நிற்கும் கூற்றுகள் என்பது அதன் கருத்து. மருத்துவரோடு நோயாளியையும் சேர்த்துக் கூறியமையும், கட்டளை என்னாது துணை என்றமையும் நினைவில் வைக்கத்தக்கவை. 1992இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் 'சான்று வழி மருத்துவம்' என்னும் கொள்கையை உலகறியச் செய்தனர். ஒரு கூற்று வலிய சான்றின்மீது நிற்கிறதா, பெரியோர் கருத்தின்மீது மட்டும் நிற்கிறதா என்பதை நெறியே தன் வாயால் கூற வேண்டும் என்ற வழக்கம் பரவிற்று.

இவ்வாறு உரைகல்லில் இட்டுப் பார்த்தபோது, பல் மருத்துவர் கொடுத்துவந்த ஒரு வேளை மருந்தும் தப்பவில்லை. 1984இல் குந்தரோத் என்னும் அமெரிக்க மருத்துவர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தார். ஒரு பல்லைப் பிடுங்குவதால் இரத்தத்தில் கிருமி இருக்கும் நேரம் 6 முதல் 30 நிமிடம். உணவை மெல்லுவதாலும் பல் துலக்குவதாலும் ஒரு மாதத்தில் கிருமி இருக்கும் நேரம் 5,370 நிமிடம். அதாவது ஏறத்தாழ 90 மணி! பல் மருத்துவரின் இடுக்கியைக் கண்டு அஞ்சிய மருத்துவ உலகம், நாள்தோறும் நடப்பதை எண்ணாதிருந்ததை இக்கணக்கு சுட்டிற்று. 1998இல் அமெரிக்காவின் பிலடெல்பியாப் பகுதியில் ஸ்ட்ரோம் குழுவினர், இந்நோய் கண்ட 273 பேரையும், அவர்களுக்கு ஒப்பான நோயற்றோர் 273 பேரையும் ஒப்பிட்டனர். நோயாளர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகப் பல் மருத்துவரிடம் சென்றிருந்ததாகத் தெரியவில்லை.

மருந்துக்குத் தீமையும் உண்டு. பெனிசிலின் இனத்தை ஏலாதவர் சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை விளைக்கும். வேண்டாத இடத்தில் கிருமிக்கொல்லியைப் பரவலாகக் கொடுத்தால், அதற்கு மசியாத கிருமிகள் பெருகும். இவற்றையெல்லாம் சீர்தூக்கி, 2007இல் அமெரிக்க இருதயச் சங்கம் பெரிய திருத்தம் செய்தது. மருந்து பெறத்தக்கவர் பட்டியல் மிகவும் சுருங்கிற்று. செயற்கை வால்வு உடையோர், முன்பு ஒருமுறை இந்நோய் வந்தோர், சில கடுமையான பிறவி இருதயக் கோளாறு உடையோர், மாற்று இருதயம் பொருத்தப்பெற்று அதில் வால்வு பழுதுற்றோர் ஆகியோர் மட்டும் எஞ்சினர். நோய் வந்தால் இவர்களுக்கே பெருங்கேடு விளையும் என்பது காரணம். நாள்தோறும் வாயைத் தூய்மையாக வைத்திருப்பதே மருந்தினும் பெரிது என்றும் அந்நெறி கூறிற்று.

அடுத்த ஆண்டே லாக்ஹார்ட் குழுவினரின் ஆராய்ச்சி வந்தது. 290 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். பல் துலக்கியோரில் நூற்றுக்கு 23 பேரிடமும், அமாக்சிசிலின் உண்டு பல் எடுத்தோரில் 33 பேரிடமும், போலி மாத்திரை உண்டு பல் எடுத்தோரில் 60 பேரிடமும் இரத்தத்தில் கிருமி காணப்பட்டது. 1935இல் ஓக்கெலும் எலியட்டும் கண்ட 61 என்ற எண்ணோடு இந்த 60 எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! எழுபது ஆண்டுக்கு முந்தைய அளவீடு பொய்க்கவில்லை. அந்த அளவீட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடிவுகட்டலாம் என்பதிலேதான் கருத்து வேறுபாடு.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அந்நாட்டில் நைஸ் எனச் சுருக்கமாக வழங்கும் தேசிய நிறுவனம் மருத்துவ நெறிகளை வகுக்கிறது. 2008 மார்ச் மாதத்தில் அது, பல் சிகிச்சைக்காக எவருக்கும் முன்மருந்து பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவித்தது. செயற்கை வால்வு உடையவரும் விலக்கு அல்லர். இங்கிலாந்தின் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் இதனைப் பின்பற்றினர். மாதத்துக்குச் சராசரி 10,900 ஆக இருந்த முன்மருந்துச் சீட்டுகள் 2,236 ஆகக் குறைந்தன.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. டேயர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் லான்செட் இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 2008க்குப் பின் இங்கிலாந்தில் இந்நோய் கண்டோர் எண்ணிக்கை, முந்தைய போக்கால் எதிர்பார்த்ததைவிட ஏறியிருந்தது. 2013 மார்ச் அளவில் மாதத்துக்கு 35 பேர் கூடுதல். மருந்தை நிறுத்தியதே காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆராய்ச்சியாளர்களோ அவ்வாறு அறுதியிட்டுக் கூறவில்லை. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. ஆபத்து மிகுந்தோரிடம் மட்டுமன்றிக் குறைந்தோரிடமும் நோய் கூடியிருந்தது. அறுவை சிகிச்சைகள் பெருகியமை, முதியோர் தொகை வளர்ந்தமை போன்ற வேறு காரணங்களும் இருக்கக்கூடும். ஆயினும் அந்த 35 பேரை வெறும் எண்ணாக ஒதுக்கிவிட எவராலும் முடியவில்லை.

நைஸ் நிறுவனம் தன் நெறியை மீண்டும் ஆராய்ந்தது. 2015இல் மாற்றம் ஏதும் தேவையில்லை என்றது. 2016இல் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தது. பரிந்துரைக்கப்படுவதில்லை என்று இருந்த வாக்கியம், வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று ஆயிற்று. சிறிய சொல்தான். ஆனால் முன்பு கதவு சாத்தியிருந்தது; இப்பொழுது சற்றே திறந்தது. எவருக்கு விதிவிலக்கு என்பதை நெறி விவரிக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதரைக் கண்முன் காணும் பல் மருத்துவரே அதை முடிவு செய்ய வேண்டியவரானார். அவருக்குத் துணையாக, 2018இல் ஸ்காட்லாந்தின் பல் மருத்துவச் செயல்திறன் திட்டம் நடைமுறை விளக்கம் ஒன்றை வெளியிட்டது. தனிக் கவனத்துக்கு உரிய நோயாளரை எவ்வாறு இனங்காண்பது, இருதய மருத்துவரை எப்பொழுது கலந்துகொள்வது, நன்மை தீமைகளை நோயாளிக்கு எவ்வாறு எடுத்துரைப்பது, எடுத்த முடிவை எவ்வாறு குறித்து வைப்பது என்பன அதில் விளக்கப்பட்டன.

2022இல், அமெரிக்காவில் சுமார் 80 இலட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்த ஒரு குழு, ஆபத்து மிகுந்தோரிடம் பல் பிடுங்குதல் போன்ற சிகிச்சைக்குப் பின் இந்நோய் மிகுதியாகத் தோன்றியதையும், முன்மருந்து பெற்றோரிடம் அது குறைந்திருந்ததையும் கண்டது. 2023இல் ஐரோப்பிய இருதயவியல் சங்கம், ஆபத்து மிகுந்தோருக்கு முன்மருந்து தரவேண்டும் என்ற தன் பரிந்துரையை முன்னினும் உறுதிப்படுத்திற்று. ஒரே சான்றுத் தொகுதியைப் பார்த்து, பிரிட்டனும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வெவ்வேறு அளவில் முடிவு கூறியதை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். சான்று குறைவுபட்டிருக்கும் இடத்தில், எந்தத் தீங்கைப் பெரிதாக மதிப்பது என்ற வினா எழுகிறது. அங்கே மனித மதிப்பீடும் வந்து சேர்கிறது.

நாடும் மக்களும் மாறினால் நெறியும் மாறலாம். ஆஸ்திரேலியாவில் 2008இல் வெளிவந்த நெறி, அந்நாட்டுப் பழங்குடி மக்களுள் ரூமாட்டிக் இருதய நோய் உடையவர்களைத் தன் பட்டியலில் தனியே சேர்த்தது. அமெரிக்கப் பட்டியலிலிருந்து நீங்கிய நோய் அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே அந்நோய் மிகுதி. நோய் தாக்கினால் விளையும் கேடும் மிகுதி. நம் நாட்டிலும் ரூமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றவர் பலர் உளர். ஆகவே வெளிநாட்டு நெறியைக் கையிலெடுக்கும் நம் பல் மருத்துவர், அது எந்த மக்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பதையும் எண்ண வேண்டியவராகிறார். ஐயம் எழும்போது, நோயாளியைப் பார்த்துவரும் இருதய மருத்துவரோடு கலந்துகொள்கிறார்.

அன்றாடச் சிகிச்சையில் இந்நெறி எவ்வாறு பயன்படுகிறது என்பதை இனிக் காண்போம். அமெரிக்க நெறியையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பல் மருத்துவர் முதலில் நோயாளியின் உடல்நிலை வரலாற்றைக் கேட்டறிகிறார். பட்டியலில் உள்ள இருதய நிலை எதுவும் இல்லையெனில் முன்மருந்து தேவையில்லை. இருக்குமாயின், செய்யப்போகும் சிகிச்சை எத்தகையது என்று பார்க்கிறார். பல் பிடுங்குதல், ஈற்றுக்கு அடியில் காரை சுரண்டுதல் போன்று ஈறு புண்படும் சிகிச்சைகளுக்கே மருந்து வேண்டும். எக்ஸ்ரே எடுப்பதற்கோ, பல் வரிசையைச் சீராக்கும் கம்பியை முடுக்குவதற்கோ, பால் பல் தானாக விழுவதற்கோ வேண்டுவதில்லை. அடுத்துப் பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறார். இல்லையெனில், வளர்ந்தவர்க்கு 2 கிராம் அமாக்சிசிலின். குழந்தைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம். சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒரே வேளை. தவறிப் போனால், சிகிச்சை முடிந்து 2 மணிக்குள் கொடுக்கலாம்.

நோயாளி வேறு காரணத்துக்காக ஏற்கெனவே பெனிசிலின் உண்டு வந்தால், வாய்க்கிருமிகள் அதற்குப் பழகியிருக்கக்கூடும்; ஆகவே வேறு இன மருந்தைத் தேர்கிறார். ஒவ்வாமை உடையோர்க்குப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்தது கிளிண்டமைசின். 2021இன் திருத்தம் அதனை விலக்கிவிட்டது. சிலருக்கு ஒரு வேளையிலேயே அது கடுமையான குடல்நோயை விளைக்கக்கூடும் என்பது காரணம். கல்லூரியில் கற்றதை மட்டும் நம்பி, திருத்தத்தைப் படியாத ஒருவர் இன்றும் அதை எழுதிக் கொடுத்துவிடக்கூடும். நெறியைப் பின்பற்றுதல் என்பது, அதன் கடைசிப் பதிப்பு எதுவென அறிந்திருத்தலையும் உள்ளடக்கியது.

காரணம் அறியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1990இன் விதியை மனப்பாடம் செய்தவர் 1997இல் தடுமாறியிருப்பார். 1997இன் விதியைக் கற்றவர் 2007இல் தடுமாறியிருப்பார். இருபது ஆண்டுகளாக மருந்து வாங்கிச் சென்ற நோயாளி, இனி வேண்டாம் என்று கேட்டதும், முன்பு கொடுத்தது தவறா, இப்பொழுது மறுப்பது தவறா என்று மருத்துவரைக் கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான். கிருமி எவ்வாறு நுழைகிறது, மருந்து எதைச் செய்கிறது, எது நிறுவப்பட்டது, எது ஊகம் என்பவற்றை அறிந்த மருத்துவரே அதற்கு விடை கூற வல்லவர். 1910இல் ஹண்டரின் சொல் ஓர் அலையாகப் பரவியபோது, அதை எங்கே பிடித்து நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கொள்கை எந்தச் சான்றின்மீது நிற்கிறது என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. 2008இன் நெறியோ தன் காரணங்களை எழுதி வைத்திருந்தது. ஆகவே டேயர் குழுவினரால் அதனைச் சோதிக்க முடிந்தது. ஒரு சொல்லளவேனும் திருத்தவும் முடிந்தது. இதுவே நெறி நமக்குச் செய்யும் பேருதவி என்பது என் கருத்து.

மாணவ நேயர்களுக்கு இறுதியாக ஒன்று கூறுவேன். உங்கள் வீட்டில் வால்வு மாற்றிக்கொண்ட பெரியவரோ, பிறவி இருதயக் கோளாறுடைய குழந்தையோ இருக்கலாம். பல் மருத்துவரிடம் செல்லும் நாளில் இருதய மருத்துவர் தந்த குறிப்புச் சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கருத்து வேறுபாடுகள் எத்தனை இருப்பினும், எல்லா நாட்டு நெறிகளும் ஒருமுகமாகக் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. வாயைத் தூய்மையாக வைத்திருங்கள். ஈற்றில் இரத்தம் கசியவிடாதீர்கள். அதற்கு மருந்துச் சீட்டு வேண்டுவதில்லை.